இறங்கும் வரிசை

அந்தச் சைக்கிள் குழுவில் குருவுக்குக் கோச் என்று பெயர். தாட்சாயணி என்ற சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. முப்பத்தைந்து வயது. ஒரு காலத்தில் மாநில அணிக்காகச் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவர். தோள் எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்ததில் இடது தோள் மட்டும் சற்றுத் தாழ்ந்திருக்கும். அதிகம் பேசமாட்டார்.

சீடர்களில் மூத்தவர் பொன்னுரங்கம். கோச்சைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். கோயம்புத்தூரில் மில்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருந்தார். கோச் அவரை ரங்கண்ணா என்பார். அவர் கோச்சிடம் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மேட்டுப்பாளையத்தில் கூடுவார்கள். கோத்தகிரி சாலையில் ஏறுவார்கள். மேலே ஒரு டீக்கடை. அங்கே டீ குடித்துவிட்டு இறங்குவார்கள்.

ஏறுவதற்கு வரிசை கிடையாது. முடிந்தவர் முன்னால் போகலாம். இறங்குவதற்கு மட்டும் வரிசை உண்டு. டீக்கடை வாசலில் நின்று கோச் பெயர்களைச் சொல்வார். முன்னால் போகிறவர் முதல் வளைவில் மறைந்த பிறகுதான் அடுத்தவர் தரையிலிருந்து காலை எடுக்கலாம். வழியில் யாரும் யாரையும் முந்தக்கூடாது.

மழைக்காலத்தில் முதல் பெயர் எப்போதும் பொன்னுரங்கம்.

அவருடைய சைக்கிள் முழுக்கக் கோர்வினி என்ற இத்தாலியக் கம்பெனியின் பாகங்கள். கியர், செயின், பிரேக், எல்லாமே. பிரேக் லீவரின் மேல் உள்ளங்கையை வைத்தால், அது தன் கைக்காகவே வார்த்தது போல இருக்கிறது என்பார். டீக்கடையில் உட்கார்ந்தால் கைக்குட்டையால் முதலில் அந்த லீவரைத் துடைப்பார். பிறகுதான் முகத்தைத் துடைப்பார்.

ஆனால் அது ரிம் பிரேக். இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும். வெயிலில் நன்றாகப் பிடிக்கும். மழையில் முதலில் தண்ணீரைத் துடைக்கும். பிறகுதான் பிடிக்கும். துடைப்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மற்ற கம்பெனிகள் எல்லாம் ரேஸ் சைக்கிளுக்கும் டிஸ்க் பிரேக் கொண்டுவந்துவிட்டன. மோட்டார் பைக்கில் இருப்பது போலச் சக்கரத்தின் நடுவில் ஒரு தகடு. மழையானாலும் கவ்வி நிறுத்திவிடும். கோர்வினி மட்டும் இன்னும் கொண்டுவரவில்லை. சோதனை நடக்கிறது என்று வருடாவருடம் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, என்ற பையன் வண்டியிலயே டிஸ்க்கு வந்துருச்சுங்க. உங்க இத்தாலிக்காரன் இன்னுமா யோசிக்கறான்?" என்று டீக்கடைக்காரர் கேட்பார்.

"அவங்க லேட்டாத்தான் செய்வாங்க. ஆனா தப்பாச் செய்யமாட்டாங்க" என்பார் பொன்னுரங்கம்.

ஒரு நாள் அவர் கோச்சிடம் கேட்டார்.

"கோச், புடிச்ச ஒண்ணுக்காகக் காத்திருக்கறது தப்புங்களா?"

"இல்லீங்கண்ணா."

"எல்லாரும் சிரிக்கறாங்க."

"நீங்க காத்திருங்க."

"எத்தனை நாளானாலுமுங்களா?"

"எத்தனை நாளானாலும். ஆனா மழையில நீங்கதான் முதல்ல இறங்கணும்."

பொன்னுரங்கத்துக்கு மனசு நிறைந்துபோனது. அன்று மாலை கடைப்பையன்களிடம், "இத்தனை பேர் இருக்கோம். கோச் என்னையத்தான் முன்னால விடறாங்க" என்றார்.

அவரோடு சேர்ந்து காத்திருந்தவர் அமல்ராஜ். பாலிடெக்னிக்கில் வாத்தியார். பொன்னுரங்கத்துக்கு ஒத்த வயது. அவரும் கோர்வினிதான். சமதரையில் ஓட்டும்போது பொன்னுரங்கத்தின் முன்சக்கரம் அமல்ராஜின் பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி ஓடும். காற்று முன்னால் இருப்பவர் மேல் மோதும், பின்னால் இருப்பவருக்குக் கால் வலிக்காது. பல வருடங்களாக அப்படி ஓட்டியவர்கள். ஒருவர் இருமினாலும் மற்றவர் சக்கரம் ஆடாது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு அமல்ராஜ் புதுச் சைக்கிளில் வந்து நின்றார். வேறு கம்பெனி. டிஸ்க் பிரேக்.

பொன்னுரங்கம் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கட்சி மாறிட்டியாடா?"

"மாறிட்டேன்."

"எவ்வளவுக்குடா விலை போனே?"

"ஸ்டெல்லாதான் மாத்தச் சொன்னா. மழை நாள்ல நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் வாசலையே பாத்துட்டு நிக்கறாளாம். கட்சியா, பொண்டாட்டியா, நீயே சொல்லு."

"இன்னும் ஒரு வருசம் பொறுத்திருந்தா நம்ம கம்பெனியே விட்டிருப்பான்."

"இதைத்தான் ரங்கு, நாலஞ்சு வருசமா நாம சொல்லிட்டிருக்கோம்."

அன்று மேலே தூறல் இருந்தது. கோச் பெயர்களைச் சொன்னார். முதலில் பொன்னுரங்கம். எப்போதும் இரண்டாவதாக வரும் அமல்ராஜின் பெயர் கடைசிப் பக்கம் போயிருந்தது.

"பாத்தியா? கட்சி மாறினவனுக்குக் கடைசி பெஞ்சு" என்றார் பொன்னுரங்கம்.

அமல்ராஜ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"ரங்கு, இந்த வரிசை எதுக்குன்னு உனக்கு நெசமாவே தெரியாதா?"

"எதுக்கு?"

"கோச்சைக் கேளு."

பொன்னுரங்கம் கேட்டார். "அடுத்த வாரம் காட்டறேன்" என்றார் கோச். அடுத்த ஞாயிறு மலையேறும் முன் அவரை மட்டும் அடிவாரத்தில் ஒரு பாக்குத் தோப்புக்குக் கூட்டிப்போனார். தோப்புக்குள் ஒரு சிமெண்ட் பாதை சரிவாக இறங்கியது. பாதையின் கீழே கோச் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டார். பம்ப்செட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து பொன்னுரங்கத்தின் இரண்டு சக்கரங்களிலும் ஊற்றினார்.

"மேல இருந்து வாங்க. கோட்டுல நிறுத்துங்க."

பொன்னுரங்கம் வந்தார். கோட்டைத் தாண்டி ஒரு பாக்கு மரம் வரை போய் நின்றார்.

"இன்னொருக்கா."

மறுபடியும் தண்ணீர். மறுபடியும் தாண்டினார்.

மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கோச் போய்க் கோட்டின் மேல் நின்றார். சரிவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"வாங்கண்ணா."

 பொன்னுரங்கம் மேலே கிளம்பும்போதே இரண்டு லீவரையும் பிடித்துக்கொண்டார். சைக்கிள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தது. கோச்சுக்கு வெகு தூரம் முன்னாலேயே காலை ஊன்றிவிட்டார்.

கோச் திரும்பினார்.

"இப்ப மட்டும் நிறுத்த முடிஞ்சுது?"

"நீங்க நிக்கறது தெரியுதுங்களே. மேலயே புடிச்சுட்டேன்."

"மலையில, வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது நின்னா தெரியுமா?"

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். சக்கரத்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது. நிமிர்ந்து கேட்டார்.

"அப்ப நான் முதல்ல போறது..."

"உங்களுக்குப் பின்னால வர்றவங்க நிறுத்திக்குவாங்க. உங்களுக்கு முன்னால யாரும் இருக்கக்கூடாது."

கோச் வாளியை எடுத்துக்கொண்டு பம்ப்செட் பக்கம் போனார்.

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் கோச் முதலில் அவர் பெயரைத்தான் சொன்னார். ஆனால் பெயர் கேட்டதும் பொன்னுரங்கம் இப்போது தரையைப் பார்த்தார். மற்றவர்கள் தன்னைப் பார்ப்பதாக நினைத்தார். யாரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரியும்.

ஐப்பசி வந்தது. அந்த ஞாயிறு நல்ல மழை. நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். பொன்னுரங்கம், அமல்ராஜ், கோச், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். மேலே போய்ச் சேரும்போது அந்தப் பெண்ணின் சைக்கிள் பஞ்சர். டீக்கடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கோச் டியூபை மாற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ரங்கண்ணா, நீங்க முதல்ல. அப்புறம் அமலண்ணா. நாங்க பின்னால வர்றோம்."

பொன்னுரங்கம் கிளம்பினார். முதல் வளைவில் மறைந்தார். டீக்கடையிலிருந்து பார்த்தால் அதற்கு அப்பால் சாலை தெரியாது. அங்கே காலை ஊன்றி நின்றுகொண்டார்.

அமல்ராஜ் வந்தார். அவருடைய சைக்கிள் சத்தமில்லாமல் நின்றது.

"என்னாச்சு ரங்கு?"

"கண்ணாடியெல்லாம் தண்ணி. நீ முன்னால போ."

"கோச் உன்னையத்தானே சொன்னாங்க."

"எத்தனை நாளைக்குடா? எனக்கு முன்னால ஒரு மனுசன் போகக்கூடாதா? நான் என்ன பிரேக் இல்லாத லாரியா?"

"அப்படி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லவேண்டாம். போ. உன் புதுப் பிரேக்கு எப்படி நிக்குதுன்னு நானும் பாக்கறேன்."

அமல்ராஜ் மழையைப் பார்த்தார். நண்பனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, அதற்கு மேல் மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை.

"சரி. நல்லாத் தள்ளி வா."

"வர்றேன் போ."

முதலில் தள்ளித்தான் வந்தார். பிறகு மழை வலுத்தது. சாலை மங்கியது. முன்னால் அந்தப் பின்சக்கரம் மட்டும் தெரிந்தது. வருடக்கணக்காகப் பார்த்த சக்கரம். கால்கள் அவரைக் கேட்காமலே அதன் அருகில் போயின. ஒரு சாண் இடைவெளிக்கு வந்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

வளைவு திரும்பியபோது சாலையின் நடுவில் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஏறி வந்தது.

அமல்ராஜ் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நின்றது. எருமைக்கும் அவருக்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது. ஒரு காலை ஊன்றியும்விட்டார்.

பொன்னுரங்கம் இரண்டு லீவரையும் இறுகப் பிடித்தார். ரப்பர் கட்டைகள் தண்ணீரைத் துடைத்தன.

மோதிய வேகத்தில் அமல்ராஜ் ஓரத்துக் கட்டைச்சுவரின் மேல் போய் விழுந்து, அதைத் தாண்டிச் சரிவில் உருண்டார். எருமை தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் சாலையைக் கடந்து போனது. பொன்னுரங்கத்துக்கு உள்ளங்கையில் மட்டும் தோல் உரிந்திருந்தது.

கோச் வந்தபோது அவர் சரிவில் நண்பனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அமல்ராஜுக்கு நினைவு இருந்தது. "ரங்கு, என் கால் எங்கே இருக்குன்னு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கால்கள் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன.

ஆம்புலன்ஸ் வரும்வரை கோச் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"யார் முன்னால வந்தது?"

"அமலுதானுங்க."

"யார் சொல்லி?"

"நான்தானுங்க."



அமல்ராஜுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்றார்கள். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அவர் எருமையைத்தான் குறை சொன்னார். அது லைசென்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார். வந்தவர்கள் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

பொன்னுரங்கம் சைக்கிளைக் கடையின் பின்அறையில் சாத்திவைத்தார். முன்சக்கரம் வளைந்தது வளைந்தபடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அமல்ராஜ் வீட்டுக்குப் போய் உட்காருவார். அவரைத் திருப்பிப் படுக்கவைக்க ஸ்டெல்லாவுக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு ஞாயிறு அவர் போனபோது அமல்ராஜ் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரங்கு, வந்துருச்சுடா."

"யாரு?"

"உன் இத்தாலிக்காரன். டிஸ்க் பிரேக் விட்டுட்டான். இங்க பாரு. அந்த லீவரைப் பாரு. அப்படியே அதே வளைவு."

பொன்னுரங்கம் படத்தைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு?"

"லேட்டாத்தான் வந்திருக்கு. ஆனா தப்பா வரல பாரு."

"அமலு, விடுடா."

"வாங்கு. கட்சி மாறி நான் டெபாசிட்டை இழந்தாச்சு. நீயாவது ஜெயிச்சவன் மாதிரி ஒரு தடவை ஓட்டு. நான் உன்கூட இத்தனை வருசம் காத்திருந்தேன். அது எப்படித்தான் நிக்குதுன்னு வந்து சொல்லு."

திருப்பிப் படுக்கவைக்க வந்த ஸ்டெல்லா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழையில நிக்குமாங்கண்ணா அது?"

"நிக்கும்னு சொல்றாங்க."

ஸ்டெல்லா கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"இவரோடதும் நின்னுச்சு" என்றார்.

அமல்ராஜ் சிரிக்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு அவர் சிரிக்காமல் இருந்து பொன்னுரங்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இருந்தாலும் வாங்கினார். நண்பன் மறுபடி மறுபடி கேட்டான் என்று சொல்லிக்கொண்டார். கடையின் பின்அறையில் பாகங்களை அவரே பூட்டினார். முடித்ததும் லீவரின் மேல் உள்ளங்கையை வைத்தார். தழும்பு இருந்த இடத்தில் அது சரியாகப் பொருந்தியது. வெகு நேரம் கையை எடுக்காமல் நின்றார்.

அடுத்த ஐப்பசியில் ஒரு ஞாயிறு மேட்டுப்பாளையத்தில் போய் நின்றார். கோச் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். குழுவில் பாதிப்பேர் புது முகங்கள். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஏறினார்கள்.

டீக்கடைக்காரர் சைக்கிளைப் பார்த்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்தார். டீயை வைத்துவிட்டுப் போனார். பொன்னுரங்கம் கைக்குட்டையை எடுத்தார். லீவரைத் துடைக்காமல் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

கோச் வாசலில் நின்று பெயர்களைச் சொன்னார். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவர் வளைவில் மறைந்ததும் அடுத்தவர். சிவப்பு மழைச்சட்டை போட்டிருந்த ஒரு பெண் கடைசியாக மறைந்தாள். வாசலில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"கோச், என் பேரைச் சொல்லலீங்க."

"சொல்லலீங்கண்ணா."

"இது இப்ப டிஸ்க்குங்க. நேத்துப் பாக்குத் தோப்புக்குப் போய்ச் சக்கரத்துல தண்ணி ஊத்திப் பாத்தேன். கோடு போட்டுப் பாத்தேன். கோட்டு மேலயே நின்னுச்சுங்க."

"நல்லா நிக்கும்."

"அப்ப நான் முதல்ல போகவேண்டியதில்லீங்களே?"

"வேண்டியதில்ல."

"கடைசியா இறங்கட்டுங்களா?"

"இறங்கலாம்."

பொன்னுரங்கம் சைக்கிளில் ஏறி ஒரு காலைப் பெடலில் வைத்தார். மற்றக் கால் தரையில் இருந்தது.

"எனக்கு முன்னால யாருங்க?"

"அமலண்ணா."

டீக்கடைக் கூரையிலிருந்து தண்ணீர் கோடாக விழுந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கம் சாலையைப் பார்த்தார். வளைவு வரை யாரும் இல்லை.

"கோச்..."

"அந்த வரிசையை நான் போடலீங்கண்ணா. நீங்க போட்டது."

பொன்னுரங்கம் பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தார்.

"அவர் முதல் வளைவுல மறையட்டும். அப்புறம் நீங்க கிளம்புங்க."

கோச் தன் சைக்கிளைச் சாலைக்குத் திருப்பினார். தாழ்ந்த தோளின் மேல் மழை விழுந்தது.

"எத்தனை நாளுங்க கோச்?"

கோச் திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"எத்தனை நாளானாலும்."